வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் பரதநாட்டியம், அடையாறு, கலாக்ஷேத்திரா என்று நாம் அனைவரும் சொல்லிவிடுவோம். ஆனால் அவ்வம்மையாரின் வாழ்வில் நாட்டியத்திற்கு இணையான மற்றொரு பாதியும் உண்டு. நொண்டி மாட்டை வண்டியில் பூட்டி ஓட்டுபவரையும், நாயை நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுபவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறதே, அந்தச் சட்டத்திற்கு வித்திட்டவர் அவரே. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், காளை விடும் விழாக்கள் நடக்கும் கணியம்பாடி வட்டாரத்துக்காரன் என்ற முறையிலும், நாட்டியத்தைப் பிறர் எழுதட்டும் என்று விட்டுவிட்டு அந்த மறுபாதியை எழுதத் துணிந்தேன்.

ருக்மிணி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பிறந்த நாள் காணும் பேறு! தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாயார் சேஷம்மாள் இசையில் நாட்டமுடையவர். பிரம்மஞான சபையின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்ட தந்தையார், ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் சபையின் தலைமையகத்தை ஒட்டி வீடு கட்டிக் குடியேறினார். அந்தக் குடியேற்றமே பெண்ணின் வாழ்வை மாற்றியது. அடையாற்று ஆற்றின் தென்கரையில், பெரிய ஆலமரமும் தோப்புகளுமாக விரிந்த அந்த வளாகத்தில், எல்லா உயிரும் ஓர் உயிரே என்ற எண்ணம் நாள்தோறும் பேசப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் அங்கே தலைவராக இருந்தார். புலால் மறுத்தவர்கள் சபையில் பலர் இருந்தனர். ருக்மிணியின் குடும்பத்தில் அது ஏற்கெனவே வழக்கம்தான். ஆனால் குல வழக்கமாக உண்ணாதிருப்பது வேறு, காரணம் அறிந்து உண்ணாதிருப்பது வேறு. காரணத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அடையாறு.

1920இல், தமது பதினாறாம் வயதில், சபையைச் சேர்ந்த கல்வியாளரும் ஆங்கிலேயருமான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். மணமகனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சென்னை மாநகரத்து உயர்குடியினர் கொதித்தெழுந்தனர். பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. திருமணம் பம்பாயில் நடந்தது. ஊர் சொல்வதற்கு அஞ்சி ஒரு காரியத்தைக் கைவிடும் இயல்பு அவருக்கு இல்லை என்பதை இதிலேயே காணலாம். பின்னர் சதிராட்டத்தை மேடையேற்றியபோதும், அதற்கும் பின்னர் மிருகங்களுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றபோதும் இந்தத் துணிச்சலே துணை நின்றது.

1928இல் இந்தியாவிற்கு வந்த ருஷ்ய நடன மணி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். இருவரும் ஆஸ்திரேலியாவிற்குச் செல்லும்போது ஒரே கப்பலில் பயணம் செய்தனர் என்பதும், பாவ்லோவாவின் தூண்டுதலால் ருக்மிணி நடனம் பயிலத் தொடங்கினார் என்பதும் பலரும் எழுதிய செய்திகள். பலரும் எழுதாத ஒன்றை இங்கே சேர்க்கிறேன். சாகும் அன்னத்தின் நடனத்தால் உலகப் புகழ் பெற்ற அந்தப் பாவ்லோவா, லண்டனில் தம் வீட்டுக் குளத்தில் உண்மையான அன்னங்களையே வளர்த்தார். ஜாக் என்று பெயரிட்ட ஓர் அன்னம் அவருடைய மடியில் கழுத்தை வளைத்துக் கிடக்கும் புகைப்படங்கள் உண்டு. பறவையை அருகிருந்து பார்த்துப் பழகியவருக்கே அந்தக் கழுத்தசைவு கைகூடும் போலும்.

நாட்டியத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்றார். 1935இல் அடையாற்றில் முதன்முதலாக ஆடினார். 1936இல் கணவரோடு சேர்ந்து கலைப்பள்ளியை நிறுவினார். அதுவே பின்னர் கலாக்ஷேத்திரா ஆயிற்று. தேவதாசிக் குலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையை வேறு குலத்துப் பெண்களின் கையில் கொடுத்தது சரியா, அதனால் பழையவர்களின் இடம் பறிபோயிற்றா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1945இல் கணவர் காலமானார். ருக்மிணிக்கு அப்போது வயது 41.

1952இல் குடியரசுத் தலைவர் அவரை மாநிலங்களவைக்கு நியமித்தார். அவ்வாறு நியமனம் பெற்ற முதல் பெண்மணி அவரே. கலைஞர் என்ற முறையில் போனவர் கலைக்கு மானியம் கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவரோ மிருகவதையைத் தடுக்க ஒரு தனி மசோதாவோடு எழுந்து நின்றார்.

அதற்குமுன் சட்டமே இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. ஆங்கிலேயர் காலத்து 1890ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீட்டு விலங்குகளும் பிடிபட்ட விலங்குகளுமே அதன் கணக்கில் மிருகங்கள். தெருவிலோ பொதுமக்கள் புழங்கும் இடத்திலோ, பிறர் கண்ணில் படும்படி கொடுமை நடந்தால்தான் பெரும்பாலும் குற்றம். சுருங்கச் சொன்னால், மாடு படும் வேதனையைவிட அதைப் பார்க்க நேர்ந்த கனவான்களின் மனவருத்தமே அச்சட்டத்திற்குப் பெரிதாகத் தோன்றியது. கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் கேட்பாரில்லை. அம்மையார் இதைத்தான் மாற்ற விரும்பினார். பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலி வலிதான் என்பதே அவருடைய மசோதாவின் அடிப்படை.

1954இல் அவையில் விவாதம் நடந்தது. அம்மையாரின் உரை அவையினரை மிகவும் உருக்கியது என்று சொல்வார்கள். பிரதமர் நேருவே எழுந்து பதில் கூறினார். மசோதாவின் நோக்கத்தை ஏற்பதாகவும், அரசாங்கமே விரிவான சட்டம் கொண்டுவரும் என்றும், ஆகவே இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். அம்மையார் இசைந்தார். நாடாளுமன்றத்தில் திரும்பப் பெற்ற தனி மசோதாக்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இது திரும்பி வந்தது. இடையில் ஒரு குழு அமைந்தது, நாடெங்கும் விசாரித்தது, ஆறு ஆண்டுகள் உருண்டோடின. 1960 டிசம்பரில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 1960ஆம் ஆண்டின் 59ஆவது சட்டம் என்பது அதன் எண். மனிதனைத் தவிர்த்த உயிருள்ள எதுவும் மிருகமே என்று அது இலக்கணம் வகுத்தது. நத்தையும் தவளையும் அந்த ஒற்றை வரியில் அடங்கிவிட்டன!

சட்டப் புத்தகம் படிப்பது வறட்சியான வேலை என்று நினைத்தே இதைக் கையில் எடுத்தேன். 11ஆவது பிரிவைப் படித்தபோது என் எண்ணம் மாறியது. அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றல், நோயுற்றதை வேலை வாங்கல் என்று தொடங்கும் பட்டியல், போகப் போக வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது. மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வளர்க்கும் நாயை அவ்வப்போது நடக்கவோ ஓடவோ விடாமல் இருப்பது குற்றம். தண்ணீரும் உணவும் தராதது குற்றம். வளர்த்ததைக் காரணமின்றிக் கைவிட்டுப் போவதும் குற்றம். நம் தெருவில் இந்தப் பிரிவின்படி வழக்குப் போட்டால் எத்தனை வீடுகள் தப்பும் என்று எண்ணிப் பார்த்தேன், எங்கள் வீடு உட்பட.

12ஆவது பிரிவைத் தனியே சொல்லியாக வேண்டும். கன்று இறந்துபோன பசுவிடமோ பால் சுரக்க மறுக்கும் பசுவிடமோ, அதன் பின்புறத்தில் காற்றை ஊதியும் கோலைச் செலுத்தியும் பாலை வரவழைக்கும் கொடிய வழக்கம் வட நாட்டு நகரங்களில் இருந்தது. பூக்கா என்பது அதற்குப் பெயர். அதை இச்சட்டம் கடுங்குற்றமாக்கியது. ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. இச்சட்டத்தின் இன்றைய வடிவில், பாலைக் கூட்டுவதற்காக உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதும் அதே பிரிவில் அடங்கும்.

பூக்கா ஏன் பலித்தது? இதற்கு விடை சொல்லும்போது என் பாடப் புத்தகம் அம்மையாரின் வரலாற்றோடு வந்து கை கோக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு பொருள் அது. அமெரிக்க வேதியியலார் வின்சென்ட் டு விக்னோ அதன் அமைப்பைக் கண்டு 1953இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். அதற்காக 1955இல் நோபல் பரிசு பெற்றார். அம்மையார் தில்லியில் மசோதாவோடு போராடிய அதே ஆண்டுகள்! பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், மடியிலிருந்து பாலை இறக்குவதும் இந்த ஹார்மோன். கன்று முட்டி முட்டி ஊட்டும்போது தாய்க்குப் பால் இறங்குவது இதனால்தான். பழகிய கை தொட்டால் கறக்கும் பசு, புதிய ஆளைக் கண்டால் பாலை அடக்கிக்கொள்வதும் இதனால்தான். அச்சம் வந்தால் ஆக்சிடோசின் தடைபடும். பிறப்புறுப்பைத் தூண்டினாலும் ஆக்சிடோசின் சுரக்கும் என்ற உடலியல் உண்மையைத்தான், பெயர் தெரியாமலே, பூக்காக்காரன் கொடுமையாகப் பயன்படுத்தினான்.

இதே ஹார்மோன் பாசத்திற்கும் உரியது என்று பின்னால் தெரிய வந்தது. 2003இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், மனிதரும் நாயும் சிறிது நேரம் கொஞ்சி இருந்தபின் இருவருடைய இரத்தத்தையும் சோதித்தனர். இரண்டிலும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. 2015இல் ஜப்பானில் மிஹோ நாகசாவா, டகேஃபுமி கிகுசுய் குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த இணைகளில், இருவருடைய சிறுநீரிலும் ஆக்சிடோசின் உயர்ந்தது. குட்டியிலிருந்து மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் அப்படி நிகழவில்லை. தாயும் சேயும் கண்ணோடு கண் நோக்கிப் பிணைப்புக் கொள்ளும் அதே வாயில் வழியாக, பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் நாய் நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. 1980இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் என்பவர் மாரடைப்பு முதலிய இதயநோயால் மருத்துவமனையில் சேர்ந்து மீண்ட 92 பேரை ஓராண்டு கவனித்தார். வளர்ப்புப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தனர். வைத்திராத 39 பேரில் 11 பேர் இறந்தனர். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் மனிதனுக்கும் பிராணிக்கும் இடையிலுள்ள பந்தம் அளந்து பார்க்கத் தக்க ஒன்று என்பதை அறிவியல் ஏற்றுக்கொண்டது அப்போதிருந்துதான். அம்மையார் 1954இல் அவையில் பேசியபோது இந்த எண்கள் ஒன்றும் அவர் கையில் இல்லை. மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், கன்றை இழந்த பசுவின் துயரத்தை நம்ப ஆய்வுக்கூடம் தேவைப்படவுமில்லை.

அறிவியலுக்கும் அம்மையாருக்கும் உறவு எப்போதும் சுமுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவர் பிறந்த அதே 1904ஆம் ஆண்டில்தான் ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லவ் செரிமான ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். அன்னா பாவ்லோவாவிற்கு உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமைதான். உயிருள்ள நாய்களின் வயிற்றிலும் கன்னத்திலும் துளையிட்டுச் சாறுகளை வடித்துக் கண்டறிந்தவை அந்த உண்மைகள். மணி அடித்தால் உமிழ்நீர் சுரக்கும் நாயைப் பதினோராம் வகுப்பில் படித்தபோது, அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மையாரின் சட்டமும் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. அறிவை வளர்க்கவும் நோயைத் தீர்க்கவும் செய்யும் சோதனை சட்டப்படி செல்லும் என்று 14ஆவது பிரிவு கூறுகிறது. தேவையற்ற வலியைத் தவிர்க்க ஒரு மேற்பார்வைக் குழு அமைக்க மட்டுமே வழி செய்தது. இந்தச் சமரசம் அவருக்கு உவப்பாக இருந்திருக்காது. ஆனால் எனக்கு இது எளிதில் தீர்ப்புச் சொல்லக் கூடிய விஷயமாகத் தோன்றவில்லை. 1955இல் வெளிவந்த இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி குரங்குகளின் சிறுநீரகச் செல்களில் வளர்த்தது. அக்குரங்குகள் ஆயிரக்கணக்கில் இந்தியக் காடுகளிலிருந்தே கப்பலிலும் விமானத்திலும் போயின. 1978இல்தான் அந்த ஏற்றுமதி நின்றது. என் வயதுப் பிள்ளைகள் ஒருவரும் எங்கள் ஊரில் இளம்பிள்ளைவாதத்தால் காலிழக்கவில்லை. அந்தக் கடனை யாரிடம் அடைப்பது? தவளையைப் பொறுத்தவரை கேள்வி எளிது. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் வெளியிட்ட அறிவிப்புக்குப்பின் கல்லூரிகளில் அறுவை நின்றது. நாங்கள் தவளையின் இதயத்தைப் படத்திலும் கணினித் திரையிலும் பார்த்துத் தேர்வு எழுதுகிறோம். அதனால் பாடம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி எங்கள் பக்கத்துச் செய்திக்கு வருகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுவதும் தோலால் பிழைக்கிறது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்த காலத்திலிருந்து குரோமியம் போடும் காலம் வரை இங்கே சோறு போட்டது தோல்தான். என் தந்தையார் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தொழிலாளி. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் கல்லூரிக் கட்டணம் எதிலிருந்து வருகிறது என்று நான் அறிவேன். ஆகவே பிராணி நேசம் பேசும் கட்டுரை எழுதக் கூசினேன் என்பது உண்மை. பிறகு ஒன்று தோன்றிற்று. பரதநாட்டிய மேடையில் மிருதங்கம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மிருதங்கத்திற்குப் பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். அதை உரித்து, காயவைத்து, வெட்டி, வார் பிடித்துக் கட்டுபவர்கள் மேடை ஏறுவதில்லை. புலால் மறுத்த அம்மையார், உலகச் சைவ உணவாளர் சங்கத்தில் துணைத் தலைவராய் இருந்த அம்மையார், இந்தத் தோலின் மீதுதான் தம் கலைக்கூடத்தைத் தாளத்தோடு நடத்தினார். குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தோலோடு சம்பந்தமில்லாமல் இந்நாட்டில் யாரும் வாழ்ந்துவிட முடியாது, சிலர் கையில் மட்டும் அதன் வாடை ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக எழுதுகிறேன். சட்டமும் இதை அறிந்தே இருந்தது. உணவுக்காகக் கொல்வதையும், மதச் சடங்கிற்காகக் கொல்வதையும் அது விலக்கி வைத்தது. கொல்வதற்குமுன் தேவையற்ற துன்பம் தரக் கூடாது என்பதோடு நின்றுகொண்டது.

1962இல் சட்டத்தின்படி பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அம்மையாரே அதன் முதல் தலைவரானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் இருந்தார். அந்த வாரியம், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப்பின், எங்கள் ஊர்த் தெருவிற்கே வந்து சேர்ந்தது. 2014 மே 7ஆம் நாள், வாரியம் தொடுத்த வழக்கில், ஜல்லிக்கட்டு 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுரைப் பக்கம் காளையின் திமிலைப் பிடித்துத் தழுவுவார்கள். எங்கள் பக்கத்தில் தழுவுவது கிடையாது. தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று கணக்கிடுவார்கள். தீர்ப்பு வந்ததும் இதுவும் சேர்ந்தே நின்றது. 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர் திரண்டதும், தமிழக அரசு அச்சட்டத்தைத் திருத்தியதும், எருது விடும் விழா என்ற சொல்லே அத்திருத்தத்தில் இடம் பெற்றதும், 2023 மே 18இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு திருத்தத்தை ஏற்றதும் எல்லோரும் அறிந்தவை.

வாரியம் நீதிமன்றத்தில் காட்டிய கொடுமைகள் பொய்யல்ல. வாலை முறுக்குவதும் கண்ணில் எரிச்சலூட்டும் பொருள் தடவுவதும் சில இடங்களில் நடந்தவையே. நம் பக்கத்தில் காளை முட்டி மனிதர் இறந்ததும் உண்டு. தடுமாறி விழுந்த காளை எழாமல் போனதும் உண்டு. அதே சமயம் காளைக்கும் அதை வளர்க்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள பந்தத்தை அந்த வழக்கில் யார் அளந்தார்கள்? என் தாத்தாவின் எருதை நான் அறிவேன். பெயர் சொல்லி அழைத்தால் தெருக்கோடியிலிருந்து காதைத் திருப்பும். வேறு யார் தண்ணீர் காட்டினாலும் முகர்ந்துவிட்டு நிற்கும், அவர் வந்தால் குடிக்கும். விழா நின்றிருந்த ஆண்டுகளில் அதனால் வீட்டுக்கு ஒரு காசு வருமானமில்லை. தீவனம் மட்டும் தின்றது. செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் பொய்கைச் சந்தை எங்களுக்குத் தொலைவில்லை. சந்தைக்குப் போகும் வேலையற்ற எருது எங்கே போய்ச் சேரும், அதன் தோல் எங்கே போய்ச் சேரும் என்பது எங்கள் வட்டாரத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தாத்தா ஓட்டிக்கொண்டு போகவில்லை. 2019இல் அது மூப்பினால் இறந்தது. தோலுக்கு ஆள் வந்து விலை பேசினான். தோலால் சம்பளம் வாங்கும் என் தந்தையார் ஒரு வார்த்தையும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினார். தாத்தா உப்பையும் மஞ்சளையும் தூவிப் புதைத்தார்.

அம்மையார் எங்கள் எருது விடும் தெருவைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நிறுத்தத்தான் சொல்லியிருப்பார். காளை தானாக வந்து ஓடுகிறேன் என்று சொல்லவில்லையே என்பது அவர் வாதமாக இருக்கும். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் தாத்தா அந்தக் குழியருகில் நின்றதையும் அவர் பார்த்திருந்தால், அந்த மனிதரைக் குற்றவாளி வரிசையில் சேர்த்திருக்க மாட்டார் என்றும் நம்புகிறேன். பதினாறு வயதில் ஊரை எதிர்த்து நின்ற பெண்மணிக்கு, ஊராரின் பார்வைக்கும் ஒருவன் நெஞ்சிலுள்ளதற்கும் வேறுபாடு தெரியாதா?

1977இல் குடியரசுத் தலைவர் பதவி காலியானபோது, பிரதமர் மொரார்ஜி தேசாய் அம்மையாரை அப்பதவிக்கு நிறுத்த விரும்பினார். ஏற்றிருந்தால் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவராகியிருக்கலாம். அவர் மறுத்துவிட்டார். திருவான்மியூரில் நாட்டியமும், நெசவும், பிராணிகளுக்கான பணியும் காத்திருந்தன. 1986 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் காலமானார். பிறந்த நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் 29ஆம் தேதி இல்லை.

அவர் தலைமை வகித்த வாரியம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்து, 2018இல் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கருக்கு மாறியது. சட்டத்தின் 11ஆவது பிரிவில் முதல் குற்றத்திற்குரிய அபராதமோ மிகச் சிறியது. குறைந்தது பத்து ரூபாய், கூடினால் ஐம்பது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அந்த ஐம்பது ரூபாயில் இன்று பஸ்ஸில் வரலாம். வேலூரில் இறங்கிக் கணியம்பாடிக்கு மாறுவதற்குள் அது ஏறக்குறைய தீர்ந்துவிடும்.